மண் ரோட்டில் கார் ஏன் சோப்புப் போட்டது போல வழுக்குகிறது? கேமில் நிஜ ரேலி வருமா?

கேள்வி இதுதான்: "கிரான் டூரிஸ்மோ 7-ல் தார் டிராக்கில் ஓட்டும்போது அவ்வளவு அருமையாக இருக்கிறது. மண் டிராக்கில் இறங்கினால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் போகிற மாதிரி இருக்கிறது. நிஜ ரேலி ஓட்டுகிற உணர்வு ஒரு ரேசிங் கேமில் என்றைக்காவது வருமா? வந்தால் எதிலிருந்து வரும்?"

வரும். சொல்லப்போனால் 2004-லேயே பாதி வந்துவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஒரு சர்க்யூட் கேமுக்குள் ‘மண் டிராக்கும் நாலு கிடக்கட்டும்’ என்று சேர்க்கிற ரேலியிலிருந்து அது வரும் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்யூட் என்றால் ஒரே மூடிய டிராக்கைச் சுற்றிச் சுற்றி ஓடுவது, ரேலி என்றால் ஊர் ரோட்டிலும் காட்டு வழியிலும் ஒவ்வொரு காராக நேரத்தோடு போட்டி போடுவது. சர்க்யூட்டில் கதாநாயகன் கார். ரேலியில் ரோடு. இது ஏதோ பஞ்ச் டயலாக் மாதிரி தெரிந்தாலும், கேம் செய்கிறவர்கள் எங்கே பணத்தையும் நேரத்தையும் போடுகிறார்கள் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி, ஏனென்றால் ‘நீ என்ன பெரிய ரேலி டிரைவரா’ என்று கேட்பீர்கள். இல்லை. கோவைப் பக்கம் கிளப் மட்டத்தில் சில ரேலிகளில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்து வழி சொல்கிற கோ-டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். மீதி எல்லாம் வீட்டில் ஸ்டீயரிங் வீலோடு கழித்த ராத்திரிகள்.

சரி, முதலில் அந்த சோப்பு விஷயம். தார் ரோட்டில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் பார்க்கிற திசைக்கும் அது உண்மையில் நகர்கிற திசைக்கும் நடுவில் ஒரு சின்னக் கோணம் விழும், ஸ்லிப் ஆங்கிள் என்பார்கள். அந்தக் கோணம் சில டிகிரி வரை கூடக்கூடப் பிடிப்பும் கூடும், ஓர் உச்சத்தைத் தொடும், அதைத் தாண்டினால் பிடிப்பு சரிய ஆரம்பிக்கும். சர்க்யூட் டிரைவரின் வித்தை முழுக்க அந்த உச்சியின் விளிம்பிலேயே நிற்பதுதான். மண்ணில் கதை வேறு. அங்கே டயர் தரையை ஒட்டிப் பிடிப்பதோடு நிற்பதில்லை, தோண்டவும் செய்கிறது. சரளையை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவித்து, குவிந்த அந்தக் கரை மேல் சாய்ந்துகொண்டு திரும்புகிறது. அதனால் கோணம் நன்றாகக் கூடினாலும் பிடிப்பு சட்டென்று விழுந்துவிடாது. பக்கவாட்டில் கிடந்தபடி வளைவுக்குள் போகிற ரேலி காரைப் பார்த்து ‘சீன் போடுகிறான்’ என்று நினைப்போம், அதில் பாதிக்கு மேல் தேவைக்காகச் செய்வது. பிரேக்கும் அப்படித்தான்: தளர்ந்த சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டால் அதன் முன்னால் கல்லும் மண்ணும் ஆப்பு வைத்த மாதிரி குவிந்து வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் உள்ள சாதாரணக் கார் சரளை ரோட்டில் நிற்கக் கூடுதல் தூரம் எடுப்பதும் இதனால்தான், சக்கரத்தைப் பூட்ட விடாததால் அந்த ஆப்பு உருவாவதே இல்லை.

இப்போது ஒரு கேம் கம்பெனி தாருக்காக எழுதிய டயர் கணக்கை எடுத்து, பிடிப்பு என்கிற எண்ணை மட்டும் பாதியாகக் குறைத்து, மேலே கொஞ்சம் தூசி கிளப்பி, மண் என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? உச்சம் அதே கோணத்தில் இருக்கும், தாண்டினால் சரிவும் அதே மாதிரி இருக்கும், உயரம் மட்டும் குறைந்திருக்கும். அதாவது ஈரமான தார். அதுதான் உங்கள் சோப்புத் தண்ணீர். மண்ணில் கார் வழுக்கும், ஆனால் வழுக்கும்போதே எதையோ பிடித்துக்கொண்டும் இருக்கும், அந்த இரண்டாவது பாதி இல்லாமல் போவதுதான் பிரச்சினை.

பனியில் இது இன்னும் விசித்திரம். ஸ்வீடன் ரேலியில் டயர் ஒல்லியாக இருக்கும், ஒவ்வொன்றிலும் 384 இரும்பு ஆணிகள். பார்க்கப் பனி, கேட்கப் பயம், ஆனால் ஆணி உறைந்த பனியில் ஏறிக் கடித்துவிட்டால் கார் மிக வேகமாகப் போகும், ஓரத்தில் குவித்த பனிச்சுவரில் பின்பக்கத்தை லேசாகச் சாய்த்துத் திரும்புகிறவர்கள் கூட உண்டு. கொஞ்சம் அதிகமாகச் சாய்த்தால் சுவர் உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘பனி என்றால் பிடிப்பு 0.2’ என்று ஒரே எண்ணை எழுதி வைத்த கேமில் இதெல்லாம் நடக்கவே நடக்காது.

அடுத்தது எடை. ரேலி காரை ஸ்டீயரிங்கால் திருப்புகிறார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான், பாதி வேலையைக் கால்தான் செய்கிறது. வளைவுக்கு முன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், கார் தானாகவே மூக்கை உள்ளே திருப்ப ஆரம்பிக்கும். போதாவிட்டால் முதலில் எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, உடனே வளைவின் பக்கம் ஊசலாட்டம் மாதிரி வீசுவார்கள், ஸ்காண்டிநேவியன் ஃபிளிக் என்பது இதுதான். வலது காலை ஆக்சிலரேட்டரில் வைத்துக்கொண்டே இடது காலால் பிரேக்கைத் தொடுவது இன்னொரு வித்தை. ஒரு கேம் இந்த விஷயத்தில் தேறுமா என்று பார்க்க என்னிடம் ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது: முன்சக்கர டிரைவ் கார் ஒன்றை எடுத்து, மண் வளைவில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாக மட்டும் திருப்பி, மீதியைக் காலை எடுத்தும் இடது கால் பிரேக்காலும் செய்து பாருங்கள். கார் சுழன்று உள்ளே வந்தால் அந்த கேமில் சரக்கு இருக்கிறது. நேராகப் போய்ப் புதரில் சொருகினால் சரக்கு இல்லை, அல்லது உங்களுக்கு இன்னும் பழக வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு வாரம் ஆகும்!

தாவலைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. பின்லாந்து ரேலி யுவாஸ்குலா ஊரைச் சுற்றிய காட்டுப் பாதைகளில் நடக்கிறது, அதில் ஊனின்பொஹ்யா என்கிற ஸ்டேஜ் (ரேலியைத் துண்டு துண்டாகப் பிரித்து நேரம் எடுப்பார்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்டேஜ்) தாவல்களுக்குப் பேர்போனது. 2016-ல் டிரைவர் கிரிஸ் மீக் அங்கே ஜெயித்தபோது மொத்த ரேலிக்கும் சராசரி வேகம் மணிக்கு 126 கி.மீ.க்கு மேல், அதுவும் மண் ரோட்டில், இரண்டு பக்கமும் மரம். அந்த வேகத்தில் மேட்டின் உச்சியில் கார் பறக்கிறது. எப்படிப் பறக்கிறது என்பது காற்றில் இருக்கும்போது முடிவாவதில்லை, கிளம்புவதற்கு முந்தின அரை நொடியில் முடிவாகிவிடுகிறது. உச்சியில் பிரேக் பிடித்தபடி கிளம்பினால் மூக்கு குப்புற விழும், கொஞ்சம் கோணலாகக் கிளம்பினால் கோணலாகவே இறங்கும். இறங்கும்போது டேம்பர், அதாவது ஷாக் அப்சார்பர், அந்த அடியை முழுசாக விழுங்க வேண்டும். உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் மேல்மட்டத்தில் ஓடும் இப்போதைய ரேலி1 கார்களில் சஸ்பென்ஷன் 270 மி.மீ. வரை ஏறி இறங்கலாம், நம் ஊர் ஸ்கூட்டர் சக்கரத்தின் விட்டத்தில் பெரும்பகுதி அது. பல கேம்களில் கார் நிலாவில் தாவுகிற மாதிரி மிதந்துவிட்டு, இறங்கியதும் ரப்பர் பந்து போல இரண்டு முறை துள்ளும். நிஜ ரேலி கார் துள்ளாது. தொப்பென்று விழுந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த நொடி போய்க்கொண்டிருக்கும்.

இதெல்லாம் கார். கதாநாயகன் ரோடு என்று சொன்னேன் அல்லவா, அங்கே வருவோம், ஏனென்றால் அங்கேதான் பணம் செலவாகிறது.

ஒரு சர்க்யூட் ஐந்து கி.மீ. இருக்கும். பெரிதிலும் பெரிதான ஜெர்மனியின் நார்ட்ஷ்லைஃபே கூட 20.8 கி.மீ.தான், அதைச் செய்து முடித்தாலே கேம்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு ரேலியின் போட்டித் தூரம் சுமார் 300 கி.மீ. ஒரு சீசனில் பத்துக்கும் மேற்பட்ட ரேலி. இத்தனையையும் லேசர் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பள்ளத்தையும் கல்லையும் வைத்து ரோடு செய்யக் காசு யாரிடம் இருக்கிறது? அதனால் பெரும்பாலான ரேலி கேம்களில் ஸ்டேஜ் நிஜ ஊரின் சாயலில் கையால் செய்யப்பட்டதாக இருக்கும், நிஜத்தைவிட அகலமாக இருக்கும், வழவழப்பாகவும் இருக்கும். அகலம் கூடினால் வேகம் தெரியாது, வழவழப்பு கூடினால் சஸ்பென்ஷனுக்கு வேலையே கிடையாது. நிஜ ரேலி ஸ்டேஜ் என்பது யாரோ தோட்டத்துக்கு டிராக்டர் ஓட்டிப் போகிற வழி. நடுவில் முதுகு மாதிரி உயர்ந்திருக்கும், இரு ஓரமும் சரிந்திருக்கும், சில இடத்தில் வளைவு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போகிற மண் தடங்களில் கோவை ரேலி பார்க்கப் போனவர்களுக்கு இது புரியும். அதே தடத்தில் பைக்கில் 30-ல் போனாலே முதுகு பேசும்.

அந்த ரோடும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சார்டினியா, கிரீஸ் மாதிரி காய்ந்த இடங்களில் முதலில் கிளம்புகிற கார் மேலே கிடக்கும் சரளையைத் துடைத்துக்கொண்டே போகிறது, பின்னால் வருகிறவனுக்குச் சுத்தமான கெட்டித் தரை கிடைக்கிறது. சாம்பியன்ஷிப்பில் முன்னிலையில் இருப்பவன்தான் வெள்ளிக்கிழமை முதலில் கிளம்ப வேண்டும், ஊருக்கே அவன்தான் துடைப்பம்! மதியம் அதே ஸ்டேஜ் இரண்டாவது முறை வரும்போது தடம் பள்ளமாகி, அடியில் இருந்த பாறை பல்லிளித்துக்கொண்டு நிற்கும். கேம்களில் இதை ஓரளவு முயன்றது 2019-ல் வந்த டர்ட் ரேலி 2.0. அதில் நீங்கள் எத்தனையாவதாகக் கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து ரோட்டில் தடங்கள் ஆழமாகும். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஆனால் யோசனை சரியான யோசனை, அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கலாம் என்பது என் தீராத மனக்குறை.

அப்புறம் பேஸ்நோட்ஸ், அதாவது வரப்போகிற வளைவுகளைப் பற்றிய குறிப்புகள். இது என் சீட் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சர்க்யூட் டிரைவர் ஒரே வளைவை நூறு முறை பார்க்கிறான். ரேலியில் போட்டிக்கு முன்னால், வேகக் கட்டுப்பாட்டோடு, ஒரு ஸ்டேஜை இரண்டே முறை ஓட்டிப் பார்க்க விடுவார்கள். அந்த இரண்டு ஓட்டத்தில் டிரைவர் சொல்லச் சொல்ல கோ-டிரைவர் எழுதுகிறார். பிறகு போட்டியில் அந்தப் புத்தகத்தை நம்பித்தான் கண்ணுக்குத் தெரியாத மேட்டுக்குப் பின்னால் முழு ஆக்சிலரேட்டரில் போகிறார்கள். நான் ஒருமுறை இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். நான் படிக்கிற வளைவும் முன்னால் வருகிற வளைவும் வேறு என்று தெரிய எனக்கு மூன்று நொடி ஆனது, பக்கத்தில் இருந்தவனுக்கு ஒரு நொடி. அவன் அன்றைக்குப் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

கேமில் இந்த உறவு வர வேண்டும். ரேலி டிரைவர் காலின் மெக்ரேயின் பெயரில் 1998-ல் வந்த பழைய காலின் மெக்ரே ரேலி, அதிலேயே மெக்ரேயின் நிஜ கோ-டிரைவர் நிக்கி கிறிஸ்ட் குரல் கொடுத்தார். டர்ட் ரேலி 2.0-ல் 2003 சாம்பியன் பெட்டர் சோல்பெர்குடன் உட்கார்ந்த ஃபில் மில்ஸ். அந்தக் குரல்களில் உண்மை இருக்கிறது, ஸ்டுடியோவில் நிதானமாக உட்கார்ந்து படித்ததாகத் தெரியாது. ஆனால் நோட்ஸ் எழுதியவன் நீங்கள் இல்லை. வளைவு எவ்வளவு கடுமை என்பதை எண்ணால் சொல்வார்கள், உங்களுக்கு நாலு என்று தோன்றுகிற வளைவை அவர் மூன்று என்கிறார், நீங்கள் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் சொல்கிறார். எனக்கு ஒரே ஓர் ஆசைதான் கேட்கலாம் என்றால் இதைக் கேட்பேன்: ஸ்டேஜை இரண்டு முறை மெதுவாக ஓட்டவிட்டு, என் நோட்ஸை நானே எழுதவிட்டு, பிறகு அதையே எனக்குப் படித்துக் காட்டும் ஒரு கேம். அதோடு ரீஸ்டார்ட் பட்டனைப் பிடுங்கிவிட வேண்டும். பஞ்சர் ஆனால் ரிம்மோடு தட்டுத்தடுமாறி ஸ்டேஜை முடித்து, அடுத்த ஸ்டேஜுக்குப் போகிற வழியில் வண்டிக்குள் இருக்கிற சாமானை வைத்து நாமே சரி செய்து, நேரம் தவறினால் அபராதம் வாங்கி, சாயங்காலம் வண்டியைப் பழுது பார்க்க ஒதுக்கிய சர்வீஸில் 45 நிமிடத்தில் மெக்கானிக்குகள் என்ன முடியுமோ அதை மட்டும் செய்வதுதான் ரேலி. மோதினால் மறுபடி முதலிலிருந்து என்று இருக்கும்வரை உங்கள் கால் பயப்படாது. பயப்படாத கால் ரேலி ஓட்டாது.

இனி எது எதில் என்ன நம்பிக்கை வைக்கலாம் என்பது. கிரான் டூரிஸ்மோவுக்கு 1999-ல் வந்த இரண்டாம் பாகம் முதலே மண் மேல் ஆசை உண்டு, 2010-ன் ஐந்தாம் பாகத்தில் கோ-டிரைவர் குரல் கூட ஒரு தனிப்போட்டியில் வந்தது. ஆனால் ஏழாம் பாகத்தின் மண் பந்தயம் என்பது மூடிய டிராக்கில் பல கார்கள் ஒன்றாக முட்டிக்கொண்டு ஓடுவது. அது ரேலியே கிடையாது, மண்ணில் நடக்கிற சர்க்யூட் பந்தயம். அடுத்த பாகத்தில் டயர் கணக்கைத் திருத்தினால் சோப்பு குறையலாம், அதற்கு மேல் அங்கே எனக்கு நம்பிக்கை இல்லை.

உலக ரேலி சாம்பியன்ஷிப்பின் (டபிள்யூஆர்சி) அதிகாரபூர்வ உரிமத்தோடு வந்தவை: 2015 முதல் 2022 வரை பிரான்ஸின் கைலோடான் செய்த வரிசை, பிறகு 2023 நவம்பரில் கோட்மாஸ்டர்ஸ் செய்த ஈஏ ஸ்போர்ட்ஸ் டபிள்யூஆர்சி. பின்னதில் 30 கி.மீ.க்கு மேல் நீளும் ஸ்டேஜ்கள், ஏராளமான கார்கள், மண் கையாளல் நன்றாகவே இருந்தது, தாரில் கார் கொஞ்சம் உயிரில்லாமல் இருந்தது, வெளியான புதிதில் படம் திக்கித் திக்கி ஓடியது. 2025-ல் இதை மேற்கொண்டு வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். உரிமம் கைமாறும்போதெல்லாம் புதிதாக வருகிறவர் ரோட்டையெல்லாம் முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது, இந்த வகை கேமின் சாபக்கேடு இதுதான்.

இப்போதைக்கு என் கண் இருப்பது அசெட்டோ கோர்ஸா ரேலி மேல். 2025 நவம்பரில் கணினியில் முழுமையடையாத முன்பதிப்பாக வந்தது. வேல்ஸ் மண்ணும் பிரான்ஸின் அல்சாஸ் தாரும், நிஜ ரோட்டை லேசர் ஸ்கேன் செய்தவை. தொடக்கத்தில் ஸ்டேஜ்களும் கார்களும் குறைவு, பார்த்தவர்கள் பலர் ‘இவ்வளவுதானா’ என்றார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. நூறு கி.மீ. பொய் ரோட்டைவிடப் பத்து கி.மீ. உண்மை ரோடு மேல். வேல்ஸ் காட்டில் ரோடு எவ்வளவு குறுகல் என்பதை முதல் முறை ஓட்டும்போதே ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த கை சொல்லிவிட்டது.

கடைசியாக அந்த 2004 கதை. ரிச்சர்ட் பர்ன்ஸ் ரேலி. 2001 உலக சாம்பியன் பர்ன்ஸின் பெயரில் வந்தது, ஈரோ பீட்டுலைனென் என்பவர் அதன் இயற்பியலை எழுதினார். பர்ன்ஸ் மூளைக் கட்டியால் 2005-ல் தன் 34-ஆவது வயதில் இறந்துபோனார். கேமும் விற்பனையில் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை, ஆனால் ரசிகர்கள் விடவில்லை. டயர் கணக்கைப் புதிதாக எழுதினார்கள், நூற்றுக்கணக்கில் ஸ்டேஜ் சேர்த்தார்கள், இன்று ஹங்கேரி ரசிகர்களின் ரேலிசிம்ஃபேன்ஸ் தொகுப்பில் தினமும் ஆன்லைன் போட்டி நடக்கிறது. படம் பழசு, மரம் அட்டை வெட்டி நட்ட மாதிரி இருக்கும். ஆனால் மேலே சொன்ன முன்சக்கர டிரைவ் பரீட்சையில் இத்தனை வருடம் கழித்தும் இதுதான் முதல் மார்க். நம்மவர்களுக்கு இன்னொரு வசதி, பழைய லேப்டாப்பிலேயே ஓடும்.

ஆகவே காத்திருக்க வேண்டாம், இதிலிருந்து தொடங்குங்கள். வீல் இருந்தால் சுழற்சியை 540 டிகிரிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், 900-ல் வைத்துக்கொண்டு ஹேர்பின் என்கிற கொண்டை ஊசி வளைவில் கை பின்னிக்கொண்டு நிற்காதீர்கள். வீல் இல்லையென்றால் கேம்பேட் போதும், அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். முதல் மாதம் நான்கு சக்கர டிரைவ் காரைத் தொடவே தொடாதீர்கள். குறைந்த சக்தியுள்ள முன்சக்கர டிரைவ் கார், ஒரே மண் ஸ்டேஜ், ரீஸ்டார்ட் கிடையாது. முதல் பத்து ஓட்டம் நேரத்தைப் பார்க்காமல் காரை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்.

அந்த கேமில் கோ-டிரைவர் குரலையும் மாற்றிக்கொள்ளலாம், ரசிகர்களே பல மொழிகளில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தமிழில் ஒன்று செய்யலாமே என்று நானும் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் உட்கார்ந்தோம். ‘வலது மூணு, இறுகுது, வெட்டாதே’ வரைக்கும் பிரமாதமாக வந்தது. ‘கிரெஸ்ட்’ என்ற இடத்தில் நின்றுவிட்டோம். மேடு என்றால் ரோட்டில் இருக்கிற சின்ன மேடும் அதுதான். ‘ஏத்தத்தோட உச்சி’ என்று சொல்லி முடிப்பதற்குள் கார் அந்தப் பக்கம் இறங்கிவிடும். ‘முகடு’ என்றான் அவன், சொல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 120-ல் போகும்போது ஒருத்தன் காதில் ‘முகடு’ என்று கத்தினால் எனக்கு வீட்டுக் கூரைதான் ஞாபகம் வருகிறது.